அட்டை என்று நினைத்த ரத்தம்

ஊறவைத்த புகையிலையின் வாடை. பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் மடியிலிருந்து பொட்டலத்தை அவிழ்த்தால் போதும், நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விடுகிறேன். காற்று வேண்டும். காற்று வந்தாலும் அதற்குள்ளும் அந்த வாடை இருக்கிறது. காரமாக, ஈரமாக, அடியில் கொஞ்சம் தித்திப்பாக. தித்திப்பு புகையிலையுடையது இல்லை. என் அக்காவின் காலுடையது.

அக்கா ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனவள். விடியுமுன்பே தெரு முக்கில் ஜீப்பு வந்து ஆரன் அடிக்கும். பெண்கள் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு மலை வளைவுகளில் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, மேலே போய் இறங்குவார்கள். இறங்கியதும் முதல் சோலி, புகையிலையும் சுண்ணாம்பும் ஊறிய துணியைக் கணுக்காலில் சுற்றிக்கொள்வது. அட்டைக்காக. அதற்குமேல் ரப்பர் சூவை மாட்டிக்கொண்டு செடிக்குள் நுழைந்துவிட்டால், பொழுதுக்கும் குத்தவைத்து நகர்வதுதான். ஏலம் செடியின் தூரில், தரையோடு காய்ப்பது. மழை முதுகில் பெய்யும், அட்டை காலில் ஏறும், எதைச் சுற்றினாலும் ஏறும். கடிப்பது தெரியாது. குடித்து உருண்டு விழுந்த பிறகு ரத்தம் மட்டும் நிற்காமல் வடியும். சாயந்திரம் சூவைக் கவிழ்த்தால் சிவப்புத் தண்ணீர் கொட்டும். யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வலிக்காமல் ரத்தம் வருவது அந்தச் சரிவில் ஒரு சேதியே இல்லை.

வேறு ஊராக இருந்தால் பதறியிருப்பார்களோ என்னவோ. இதையே சுற்றிச் சுற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்குச் சர்க்கரை இருப்பது கண்ணாடி வாங்கப் போன இடத்தில் தெரிந்தது. பார்வை மங்குகிறது என்று போனாள், ரத்தம் பாருங்கம்மா என்று அனுப்பினார்கள். போடி டாக்டர் பொறுமையானவர். சாப்பாட்டோடு மாத்திரை, தட்டில் பாதிக்குக் காய், தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கணும், சூவை உதறிக் கைவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போடணும், மரத்துப்போன காலுக்குக் கண்தான் காவல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"காட்டுல ஏறி எறங்குறவளுக்கு எங்கடா தம்பி சுகர் வரும்? துணிக்கடைல ஃபேனுக்கடியில நிக்கிற ஒனக்கு வரணும், எனக்கு வந்திருக்கு. ஆளு மாறி வந்திருச்சு."

ஆள் மாறவில்லை. கொஞ்ச காலத்தில் எனக்கும் வந்தது. எங்கள் அப்பாவுக்கும் இருந்திருக்கும். அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்.

மாத்திரையை அவள் ஜீப்புக்கு முன்னால் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வாள். சோற்றுத் தூக்குவாளியைத் திறக்க வெயில் ஏறிவிடும். ஒருநாள் செடிகளுக்கு நடுவில் வேர்த்து, கை நடுங்கி, அப்படியே சரிந்துவிட்டாள். கூட இருந்தவர்கள் கருப்பட்டியை வாயில் திணித்து எழுப்பியிருக்கிறார்கள். அன்றோடு வேலைநாளில் மாத்திரை கிடையாது என்று முடிவு செய்துவிட்டாள். டாக்டரிடம் சொல்லியிருந்தால் மாத்திரையையோ நேரத்தையோ மாற்றியிருப்பார். சொல்லப் போகவில்லை. அவளிடம் அதைவிடச் சுலபமான வைத்தியம் ஒன்று இருந்தது.

அந்த வைத்தியத்தை நான் தெரு முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். ஜீப்பு வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் முதலில் குதித்தாள், அக்கா பின்னால் இறங்கி, சூவைக் கழற்றித் தரையில் தட்டினாள். வலது சூவிலிருந்து சிவப்பு.

"மதினி, நாங்க இத்தனை பேரு இருக்கோம், ஒங்கிட்டயே வருதே அட்டை. என்னத்தக் குடுத்து வளக்குற?"

"என்னோட ரத்தம் பாயசம்டி. ஒங்களுது புளித்தண்ணி. அத ஏன் குடிக்கப் போகுது?"

"வெளங்கும். ரத்தம் பூராம் போயிரும் பாரு."

"போகட்டும். சுகர் ரத்தத்தத்தான அது குடிக்குது? எனக்கு மாத்திரைச் செலவு மிச்சம்."

ஜீப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், டீ புரையேறியது. அட்டை குடித்தால் ரத்தம் குறையலாம், சர்க்கரை குறையாது. இது எங்கள் பக்கத்தில் மலைக்குப் போகிற பலரும் நம்புவதுதான். ஒரே காலில், ஒரே இடத்தில், தினமும் ஓர் அட்டை எப்படிக் கடிக்கும் என்று அந்த ஜீப்பில் யாருக்கும் தோன்றவில்லை. ரத்தம் வந்த இடத்தில் அக்கா புகையிலையை அழுத்தி வைத்துக் கட்டினாள். ஒரு வாடை இன்னொரு வாடையை மூடிக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சித்திரை வெயில். கோடை மழை முந்தி இறங்கி மேலே வேலை நடந்துகொண்டிருந்த நேரம். அவள் கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தாள்.

"குளுருதுடா. வெரசா ஒரு காப்பி போடு. சீனி கொறைக்காத."

காப்பி போடவில்லை. வீடே நாறியது. கம்பளியை விலக்கினேன். பாதம் வீங்கி, தோல் பளபளத்து, விரல்கள் இரண்டு கரி பூசினமாதிரி கறுத்திருந்தன. புகையிலைத் துணியை எடுத்ததும் அடியில் ஒரு குழி. சிறியதுதான். உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆட்டோ வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் கிடந்த சூவை எடுத்து உள்ளே கைவிட்டேன். சுருக்கென்று குத்தியது. கையை உதறினேன். மூட்டை தைக்கிற கோணி ஊசி, முனை மட்டும், தோட்டத்தில் காய் எடை போடுகிற கொட்டகைத் தரையில் ஒடிந்து கிடந்ததை மிதித்திருக்க வேண்டும். ரப்பரைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. என் விரல் ஒரு நொடி தாங்கவில்லை. அவள் அதன்மேல் நின்றிருக்கிறாள், குத்தவைத்திருக்கிறாள், பச்சைக்காய் மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் இறங்கியிருக்கிறாள்.

தேனியில் பெரியாஸ்பத்திரி. டாக்டர் சின்னப் பெண். நைலான் நூல்மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, "கண்ணை மூடிக்கங்கம்மா. தொட்டா சொல்லுங்க" என்றார். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோல இறுக்கி மூடிக்கொண்டாள். நூல் கட்டைவிரலில் வளைந்தது, நடுப்பாதத்தில் வளைந்தது, குதிகாலில் வளைந்தது. பிறகு இடது காலிலும், நல்ல காலிலும். அக்கா முகத்தை நிமிர்த்திக் காத்துக்கொண்டே இருந்தாள்.

"தொடுங்கம்மா. நேரமாகுதுல்ல."

டாக்டர் நூலைப் பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன். மேற்கே மலை இருந்தது, மேல்பாதி மேகத்துக்குள்.

சீழ் எலும்புவரை போயிருக்கிறது, ரத்தத்தில் விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது, முழங்காலுக்குக் கீழே இன்றைக்கே எடுத்தால் உயிர் தங்க வாய்ப்புண்டு, உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அக்கா கேட்டுக்கொண்டாள். அழவில்லை. "ஒத்தக் கால்ல குத்தவைக்க முடியாதேடா" என்றாள். அப்புறம், "செருப்புக் கடைக்காரன் ஒத்தைச் செருப்பு குடுப்பானா?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரம்மா சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காலை எடுத்தார்கள். விஷம் அதற்கு முன்பே மேலே போய்விட்டது. அவள் கண் விழித்தாள், ஆனால் பேசவில்லை. அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

இப்போது நான் கடை அடைத்ததும் அங்கேயே முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். விரலிடுக்கைத் துடைக்கிறேன். செருப்புக்குள் கைவிட்டுத் தடவுகிறேன். "காலுக்கு மேக்கப்பாண்ணே?" என்று கடைப் பையன்கள் கேட்கிறார்கள். சில சாயந்திரங்களில் தெரு முக்குக்குப் போய் நிற்கிறேன். ஜீப்பு வருகிறது, சூக்களைத் தட்டுகிறார்கள், மண்ணில் சிவப்பு. பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் இப்போது குனிந்து, ஒவ்வொரு கடிவாயாக விரலை வைத்து அழுத்திப் பார்க்கிறாள். மற்றவர்களுக்கு அவசரம். அடுப்பு இருக்கிறது.

நாங்கள் கடைசியாகப் பேசியது ஆபரேஷன் தியேட்டர் வாசலில். தள்ளுவண்டியில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள், உள்ளேயிருந்து இன்னும் கூப்பிடவில்லை.

"செருப்பக் கழட்டுடா" என்றாள்.

"எதுக்குக்கா?"

"கழட்டுடான்னா. காலத் தூக்கி இங்கிட்டு வையி."

சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வண்டியின் ஓரத்தில் வைத்தேன். வார்டு ஆள் முறைத்தான். அவளிடம் கண்ணாடி இல்லை. கையால் தடவினாள், ஏலக்கறை ஏறிய விரல்கள், சுடச்சுட. உள்ளங்காலின் நடுவில் நகத்தை வைத்து அழுத்திக் கிள்ளினாள். நான் துள்ளினேன்.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"நெசமா?"

"நெசமாத்தாங்கா."

கதவு திறந்தது. வண்டியைத் தள்ளினார்கள்.

"அப்பச் சரி. நீ போயிச் சாப்ட்டு மாத்திரையப் போடு."