சொட்டு அண்ணனின் சமையல் கணக்கு

மழை பெய்தால், நான் வீடு திரும்பும் பஸ்ஸை ஓட்டும் அண்ணன் பிரேக்கைச் சோதிப்பார். அது எப்போதும் என் வீட்டுச் சந்து முனையில்தான் நடக்கும். பஸ் நிற்கும் இடம் இன்னும் தள்ளி இருக்கும். "பிரேக் ஒரு மாதிரி இருக்கு, பாத்துடறேன்" என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொல்வார். நான் குடையும் பையுமாக இறங்கிக்கொள்வேன். நன்றி சொன்னால் காதில் விழாதவர் போல ஹாரனை அடிப்பார்.

பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் சமைத்துப் போடுவது என் வேலை. அவரைச் சொட்டு அண்ணன் என்போம். ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் அந்தப் பெயர் வந்தது. கொழுப்பு குறையும்வரை ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை கேட்டைத் திறந்து மூடும் வேலை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வேறு யாரோ ஓட்டிவரும் வண்டி உள்ளே வளையும்போது, இவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

அன்றிலிருந்து என் அடுப்படிக்கு வந்துவிட்டார். எண்ணெய்ப் பாட்டிலில் இதயத்தின் படம் போட்டிருக்கிறதே என்று நான் தாராளமாக ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"படத்தப் பாத்து ஊத்தாதம்மா. எந்த எண்ணெயா இருந்தாலும் ஒரு பெரிய ஸ்பூனுக்கு நூத்திருபது கலோரி."

"எங்கண்ணே இருக்கு? கண்ணுக்குத் தெரியலையே."

"கண்ணுக்குத் தெரியாது. ஆனா இருக்கு."

கண்ணுக்குத் தெரியாமல் இருப்பவர் கடவுள் ஒருவர்தான் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அன்று முதல் கலோரிக்கும் பயந்தேன்.

பாட்டில் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டார். இனி எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் விழ வேண்டும். ஒவ்வொரு சொட்டையும் வாய்விட்டு எண்ணுவார். நடுவில் யாராவது "அண்ணே, சௌக்கியமா?" என்று கேட்டால் கணக்கு விட்டுப்போகும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார். சட்டியில் ஏற்கெனவே விழுந்தது விழுந்ததுதான். எல்லோரிடமும் நன்றாகப் பழகுகிற மனிதர் வேறு. சில நாள் என் பழைய கரண்டியே தேவலை என்று தோன்றும். சொன்னால் மனம் உடைந்துவிடுவார் என்று, அவர் எண்ணும்போது கதவைச் சாத்தி வைப்பேன்.

சோற்றுக்கும் புதுச் சட்டம் வந்தது. பருக்கை ஒட்டாமல் இருக்க நான் எண்ணெய் ஊற்றி, தண்ணீர் வற்றும்வரை வேகவைப்பேன். இப்போது எண்ணெயே கூடாது. பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட வேண்டும். தட்டில் பாதி காய், சோறு ஒரு கிண்ணம்.

"என்னண்ணே, சோறா இது? குளிப்பாட்டின அரிசி மாதிரி இருக்கு!" என்று ஒரு கண்டக்டர் சிரித்தார்.

"நீ நின்னுக்கிட்டே சம்பாதிக்கறவன்டா. நான் உக்காந்து சம்பாதிக்கணும். சீட்டு திரும்பக் கிடைக்கட்டும், அப்புறம் சிரி."

கண்டக்டர் காய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

வடித்த தண்ணீரைக் கீழே கொட்ட எனக்கு மனம் வரவில்லை. கடவுள் கொடுத்ததைச் சாக்கடையில் விடுவதா? தினமும் நானே குடித்தேன். வெறும் தண்ணீர் தொண்டையில் இறங்குமா? உப்பு போட்டேன். பிறகு கொஞ்சம் நெய்யும் போட்டேன். அவர் இளைக்க இளைக்க என் ரவிக்கைத் தையல் பிரிந்தது. "வைத்தியம் அவருக்கு, விருந்து உனக்கா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அடுத்த பரிசோதனை நாளில் அண்ணனுக்காக விரதம் இருந்தேன். மதியத்துக்குள் பசி தாங்காமல், நெய்த் தண்ணீர் சாப்பாட்டில் சேராது என்று கடவுளிடம் நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். கடவுள் என்ன நினைத்தாரோ, என்னைக் கண்டுகொள்ளாமல் அண்ணனுக்கு இரங்கினார். கொழுப்பு இறங்கிவிட்டது. வண்டி கிடைத்தது, ஆனால் ஊருக்கு அந்தப் பக்கத்து டிப்போவில்.

போன வாரம் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியனுப்ப நானும் போனேன். ஏறி, வயிற்றுக்கு இடம் விட்டுப் பழக்கப்படி சீட்டைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து கையை நீட்டினார். விரல் நுனிதான் ஸ்டீரிங்கில் பட்டது. கீழே குனிந்து தன் வயிற்றைத் தேடினார். பிறகு நெம்புகோலை இழுத்து சீட்டை முன்னால் நகர்த்தி, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இந்தா பாரும்மா, இப்ப எட்டுது."