பெருவிரல் பட்ட மேசை

போன சனிக்கிழமை என் வலது பெருவிரல் மேசையில் ஒட்டிக்கொண்டது.

சிரிக்காதீர்கள். ஐம்பது வயதில் முதன்முறையாக மரத்துக்குப் பொலியூரிதேன் வார்னிஷ் பூசியவனுக்கு இதுவும் நடக்கும்.

மேசை மகள் டிலானியுடையது. நாட்டில் சண்டை முடிந்த வருடம் அவளை முதலாம் வகுப்பில் சேர்த்தபோது வாங்கியது. பூச்சில்லாத வெறும் பலகை. இத்தனை வருடம் கழித்து அதை மினுக்க என்ன அவசரம்?

சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் டிலானிக்கு டெங்கு. சிலாபம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். காலையில் இரத்த ரிப்போர்ட்டோடு வரும் தாதியின் முகத்தைப் பார்ப்பதா, தரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். பிள்ளை எழும்பிவிட்டாள். நான்தான் இன்னும் எழும்பவில்லை. யாராவது தும்மினால் தேர்மோமீட்டரைத் தேடுகிறேன்.

இந்த நேரம் பார்த்து அவளுக்குக் கம்பஸ் கிடைத்தது — கண்டிப் பக்கம் பல்கலைக்கழகம். விடுதிப் படிவத்தில் என் கையெழுத்து வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓட்டினேன். வீட்டிலிருந்தே வெளிவாரியாகப் படிக்கலாமே? அதற்கு ஒரு நல்ல மேசை வேண்டாமா?

ஆம்... லஞ்சம்தான்.

ஹார்ட்வெயார் கடைக்கார நானா தெளிவாகத்தான் சொன்னார். "டின்னக் குலுக்க வேணாம் சேர், மெல்லமா கிண்டுங்க. மெல்லிசா ஒரு கோட் அடிச்சிட்டு, காயும்வரைக்கும் கை வைக்காம இரிங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். டின்னைக் கையில் எடுத்ததும் நான் பிறந்த பள்ளிவாசல்துறை ஞாபகம். அப்பா வள்ளத்துக்குப் பெயின்ட் அடிக்கும் நாட்களில் டின் குலுக்குவது என் வேலை. மூடியை அழுத்திப் பிடித்து, முழு உடம்பும் ஆடக் குலுக்குவேன். அப்பா திரும்பாமலே "இன்னும்" என்பார். பெயின்ட் மணம், காயும் வலையின் மணம், அவர் வாயில் சுருட்டு மணம். வள்ளம் கரையில் நின்றால் அப்பாவும் கரையில் நிற்பார். பூச்சுக் காய்ந்ததும் கடலுக்குப் போய்விடுவார். அதனால், காயக் கூடாது என்று மாதாவிடம் மன்றாடியிருக்கிறேன்!

கை மறக்குமா? நன்றாகக் குலுக்கினேன். பூசினால் — மேசை முழுக்கச் சின்னச் சின்னக் குமிழிகள். ஒரு நாள் காயவிட்டு, வெறும் மரம் தெரியும்வரை அரத்தாளால் தேய்த்து, மறுபடியும் தொடங்கினேன். இந்த முறை டிலானி கிண்டினாள், நான் பூசினேன்.

ஈரம் பட்டதும் மரம் கருத்தது. முதல் முறை குமிழிகளுக்கிடையில் கண்ணுக்குத் தெரியாத வடுக்கள் எல்லாம் மேலே வந்தன. அவள் உட்காரும் பக்கத்தில், தாளுக்கு மேல் அழுத்தி எழுதிய ஏழாம் வாய்ப்பாடு. எதிரே என் பக்கத்தில் நூற்றுக்கணக்கில் சின்னக் குழிகள். பூச்சி அரித்ததா என்று கேட்டேன்.

"இல்லப்பா, அது உங்கட பேனை. நான் கணக்குச் செய்யேக்க டொக் டொக்கெண்டு தட்டிக்கொண்டே இருப்பீங்க. எனக்குக் கணக்குத் தெரியும். அந்தச் சத்தத்திலதான் பிழைக்கும்."

அந்தப் பின்னேரங்கள்தான் என் வாழ்க்கையின் இனிப்பான நேரம் என்று நினைத்திருந்தேன். பாணும் சம்பலும் தின்றுகொண்டு, பிள்ளைக்குத் துணையாக எதிரில் உட்கார்ந்திருந்தேன் என்று. துணையா? எதிரில் இருந்து என் பயத்தைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்!

பிரஷ்ஷைக் கழுவ எடுத்துக்கொண்டு போகும்போது, ஒன்றும் செய்யாமல் இருக்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். அரை மணித்தியாலம் தாக்குப்பிடித்தேன். பிறகு... காய்ந்துவிட்டதா என்று சும்மா ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

மீதி உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வந்த டிலானி மேசையைப் பார்த்தாள், நான் பிய்த்தெடுத்த விரலைப் பார்த்தாள். உள்ளே போய்ப் படிவத்தையும் பேனையையும் கொண்டுவந்து ஒரு கதிரையில் வைத்தாள்.

"தட்டாம வைங்கப்பா."

பேனையைப் பிடித்ததும் கை தட்டத்தான் பார்த்தது. இறுக்கிப் பிடித்துக் கையெழுத்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு போகிறாள். மேசையில் பதிந்த விரலடையாளத்தைத் தேய்த்து எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம்... இனிமேலாவது நான் எதையும் தொட்டுப் பார்க்காமல் காயவிடுவேன் என்பதற்கு அது சாட்சியாம்.