அளவெடுத்து வாங்கிய மீன்கள்

ஒரே அளவுள்ள மீன்கள் ஒன்றையொன்று தின்னாது என்று நான் நம்பினேன். ஐம்பத்தோரு வயதில், ஆறங்குல ஸ்கேலோடு கலர் மீன் கடைக்குப் போய், கண்ணாடிக்கு வெளியே அதைப் பிடித்து அளந்து அளந்து மீன் வாங்கியவன் விருத்தாசலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எல்லாம் தொழில் புத்தி. பீங்கான் பொம்மை யூனிட்டில் எனக்குச் சூளை அடுக்குகிற வேலை. ஒரே உயரப் பொம்மைகளை ஒரே தட்டில் வைத்தால் மேல்தட்டு ஆடாமல் உட்காரும், தகராறு இல்லை. அதோடு, சூளைக்குள் போகும் எதுவும் கொஞ்சம் சுருங்கித்தான் வெளியே வரும். இத்தனை வருஷமாகச் சிறுத்துப்போகிற சாமான்களோடு காலம் தள்ளியவனுக்கு, வாங்கிய பிறகு வளர்கிற சரக்கு என்று ஒன்று உண்டு என்பது தோன்றவேயில்லை.

வீட்டில் முதலிலிருந்தே இருந்த மீன் என் மனைவியுடையது. உடம்பில் கறுப்பு வரி, வயிற்றில் லேசான ஆரஞ்சு மினுக்கல், சிக்லிட் வகை. ஒன்றரை வருஷமாகச் சின்னத் தொட்டியில் தனியாக வளர்த்து வந்தாள். அவள் விரல் நுனியில் தீனி வைத்தால் வந்து கவ்வி எடுத்துக்கொள்ளும். என் விரலென்றால் வாலைக் காட்டும். "பாவங்க, அவ ஒண்டியா இருக்கா" என்று மனைவி சொல்லிச் சொல்லி, நான் மூன்றடித் தொட்டி வாங்கினேன். துணைக்கு மீன் பொறுக்குகிற பொறுப்பையும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன்.

பாலக்கரையில் மீன் கடை வைத்திருக்கும் பெண்மணி பொறுமைசாலி. சிக்லிட் என்றால் ஒரே குடும்பம்தான், ஆனால் குணம் ஆளுக்கு ஒன்று என்றார். மஞ்சள் மீன்கள் ஆப்பிரிக்கப் பக்கம், வரிமீன் அமெரிக்கப் பக்கம், வேறு வேறு கூட்டத்தை ஒன்றாகப் போடாதீர்கள் என்றார். மூன்றடிக்கு ஒரு ஜோடி வரிமீனே தாராளம், அதுவும் ஒளிந்துகொள்ள இடம் வைத்தால்தான் அமைதி என்றார். நான் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆஸ்கார், இரண்டு மஞ்சள், இன்னொரு வரிமீன். நாலும் வீட்டில் இருப்பதன் அளவு.

"அண்ணே, ஆஸ்காரு வளரும்ங்க. ஒரு அடி வரைக்கும் போவும். வாய்க்குள்ள போறது எல்லாம் அதுக்குச் சோறுதான்."

"எல்லாம் ஒரே சைஸுதானேம்மா, எப்படி வாய்க்குள்ள போவும்?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையில் தண்ணீர் பிடித்தார்.

தொட்டியின் நடுவில் அழகுக்கு ஒரு பீங்கான் யானையை வைத்தேன். தும்பிக்கையில் விரிசல் விட்டதால் யூனிட்டில் கழித்துப்போட்டது. மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை, ஆஸ்கார் வளர்ந்ததைத் தவிர. என் உள்ளங்கை நீளத்துக்கு வந்துவிட்டது. அதன் பிறகு ஸ்கேலை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

அந்த நேரத்தில் மனைவியின் தங்கை காலில் கட்டுப் போட்டுப் படுத்துவிட, மனைவி ஒரு வாரம் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை காலை தீனி போடும்போது எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன். அப்போதும் நாலுதான். அவளுடைய மீன் இல்லை.

நான் உடனே போலீஸாகிவிட்டேன். ஆஸ்கார், பில்டருக்குப் பின்னால் மூலையில் ஒண்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. குற்ற உணர்ச்சி. யானையைச் சுற்றிக் கூழாங்கல் குவிந்து, நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. போராடியிருக்கிறாள். இன்னொரு வரிமீன் பைத்தியம் பிடித்தாற்போல் எல்லாரையும் முட்டித் துரத்திக்கொண்டிருந்தது. கண்ணால் பார்த்த சாட்சி, பாவம். ஆஸ்கார் கொட்டாவி விட்டபோது கண்ணாடியில் ஸ்கேலை வைத்து வாயை அளந்தேன். போகும். தாராளமாகப் போகும்.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

"அவ சாப்ட்டாளா?"

"சாப்ட்டா."

"யாரு குடுத்தா?"

"நான்தான். என் வெரல்லயே வந்து எடுத்துக்கிட்டா."

பொய் சொன்னால் அளவாகச் சொல்ல வேண்டும். எனக்கு எதிலும் அளவு சரியாக வருவதில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன், போனில் இருந்த மீனின் போட்டோவோடு. இதே மாதிரி ஒன்று வேண்டும், வரி ஒன்றுகூட மாறக்கூடாது, மனைவி விரலில் தீனி வைத்துப் பழக்கிய மீன் என்றேன். கடைக்காரம்மா போட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வரி மாறாமல் வேண்டுமானால் தேடித் தரலாம், அக்கா விரலுக்கு வருமா என்று கேட்டார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, ஆஸ்காரின் குற்ற உணர்ச்சி முதல் சாட்சியின் பரிதவிப்பு வரை எல்லாவற்றையும் கொட்டினேன். கூழாங்கல் பள்ளத்தைச் சொன்னதும் அவர் வலையைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, அது சாட்சி இல்ல, ஆம்பள. பொண்டாட்டிக்குக் காவல் நிக்குது. அந்தப் பொட்டை பள்ளம் பறிச்சு எங்கியோ பூந்து முட்டை வெச்சிருக்குது. தொட்டியில சட்டி, குழாய் ஏதாவது போட்டிருக்கீங்களா?"

"ஒண்ணும் போடலம்மா. ஒரு யானை பொம்மை இருக்குது, அவ்வளவுதான்."

"எந்த ஊரு யானை?"

"நம்ம ஊரு யானைதான்."

"அப்ப அடியில ஓட்டை இருக்குமே."

இருக்கும். அச்சில் மண் கூழை ஊற்றி எடுக்கிற எந்தப் பொம்மைக்கும் உள்ளே வெற்றிடம், அடியில் ஊற்றுத் துளை. அந்த யானைக்கு வயிற்றுக்கடியில், இரண்டு விரல் தாராளமாக நுழையும். வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் பொம்மைகளைத் தலைகீழாகத் திருப்பி அந்தத் துளையைப் பார்த்தவனுக்கு, அதை ஒரு மீன் கடைக்காரம்மா ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தொட்டிக்குள் கைவிட்டு, யானையை ஒரு விரற்கடை தூக்கினேன். உள்ளேயிருந்து வரிவரியாக ஒன்று சீறி வந்து, என் ஆள்காட்டி விரலைக் கடித்தது. அழுத்தமாகக் கடித்தது. இத்தனை நாளில் அவள் என் விரலைத் தொட்டது அதுதான் முதல் தடவை. யானையை இருந்த இடத்திலேயே மெல்ல வைத்துவிட்டு, நனைந்த சட்டையோடு தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். போனில் மனைவியிடம் சொன்னது இப்போது ஏறக்குறைய உண்மையாகியிருந்தது.

மற்ற மீன்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை காலை மாதா கோயில் பூசைக்குப் போய்விடுவேன், சனிக்கிழமையே வந்துவிடுங்கள் என்று கடைக்காரம்மா சொல்லியிருந்தார். அடிபட்டு மூலையில் கிடந்த ஆஸ்காரையும், செதில் பெயர்ந்த மஞ்சள் இரண்டையும் வாளியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வேறு வேறு தொட்டியில் விட்டார்.

"அந்த ஒண்ணை மட்டும் சரியா பொறுக்கியிருக்கீங்கண்ணே. ஆம்பளைன்னு தெரிஞ்சா வாங்குனீங்க?"

"ரெண்டேகால் அங்குலம்னு வாங்குனேன்."

மறுநாள் மனைவி பையைக்கூட இறக்காமல் தொட்டியின் முன்னால் போய் நின்றாள். ஆஸ்கார் எங்கே என்று கேட்கவில்லை. என் விரலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை ஒரு தடவை பார்த்தாள், அதையும் கேட்கவில்லை. நானே ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன்.

ஆஸ்கார் யாரையும் தின்னவில்லை. இப்போது மூன்றடித் தொட்டியில் ஒரு ஜோடி வரிமீனும், ஒரு யானையும், எண்ண முடியாத அளவு குஞ்சுகளும் இருக்கின்றன.