வெட்டாமல் அவிழ்த்த நூல்

மாடவீதி ஓட்டலில் என் காலை டிபன் பார்சலை வாங்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் செய்தி வந்தது. கல்யாணி மேடம் போய்விட்டார். முந்தைய நாளே எடுத்துவிட்டார்களாம். அன்றைக்கே எனக்குச் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. மழை விட்டிருந்தது. தேங்கிய நீரில் கோபுரம் தலைகீழாக அசைந்துகொண்டிருந்தது. ஆட்டோக்காரரிடம் "கோபாலபுரம்" என்று சொன்னது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளாக அவரோடு பேசாதவன், அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு போவது?

எங்கள் அகராதி அலுவலகத்தில் இருந்தவர்களுக்குக் காரணம் தெரியும். எனக்கு வர வேண்டிய தலைமைப் பொறுப்பு அவருக்குப் போனது. அதை மறந்துவிட்டதாக இங்கே நடிக்கப்போவதில்லை. பொறுப்பேற்ற முதல் வாரமே, நான் சொற்பொருள் எழுதிக் கொடுத்த அட்டை ஒன்றைத் திருப்பி அனுப்பினார். பார்சல், பேக்கேஜ் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் 'பொட்டலம், சிப்பம்' என்று ஒரே பொருளை எழுதியிருந்தேன். ஓரத்தில் சிவப்பு மையில் அவருடைய ஒரே சொல்: 'சோம்பல்'. அலுவலகமே அதைப் படித்தது.

"கோவிச்சுக்காதீங்கோ சார். வாங்கோ, தி.நகர் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றார் மேடம்.

ஒரு ஜவுளிக்கடையில், துணிகளைக் கட்டி வெளியூருக்கு அனுப்பும் மேசைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார், படிச்சவரு, இதுகூடவா தெரியாது? மில்லுலேர்ந்து பொட்டில மூடி வந்து கெடக்குது பாரு, அது பேக்கேஜு. ஆளு பேரு எழுதி, கயிறு போட்டு அனுப்புறேன் பாரு, இது பார்சலு."

"இதுவும் பேக்கேஜ்தானே?" என்று மடக்கினேன்.

"யாரு இல்லேன்னா? ஆனா இது ஒருத்தர் வூட்டுக்குப் போவுதுல்ல?"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் மறுநாள் அட்டையைத் திருத்தினேன். பேக்கேஜ்: கட்டியோ அடைத்தோ வைத்த எதுவும். பார்சல்: ஒருவருக்கென்று கட்டி அனுப்புவது. "இப்பத்தான் இதுக்கு உசிர் வந்திருக்கு" என்றார். நான் எழுதியபடியே அச்சிலும் வந்தது.

அலுவலகத்துக்கு வரும் எந்தப் பார்சலின் கயிற்றையும் அவர் வெட்ட விட்டதில்லை. கொண்டையிலிருந்து ஊசியை உருவி முடிச்சை நெம்புவார். கத்தரிக்கோலோடு நான் பக்கத்தில் நிற்பேன். "யாரோ மெனக்கெட்டுக் கட்டியிருக்கா. வெட்டறதுக்கு என்ன அவசரம்?" என்பார். நான் வேலையை விட்ட அன்று படிக்கட்டு வரை வந்து, "ஒரு நாள் ஆத்துக்கு வாங்கோ" என்றார். இறங்கினேன்; அவர் வீட்டுக்குப் போகவேயில்லை.

கோபாலபுரத்தில் கதவு திறந்திருந்தது. கூடத்து மூலையில் சின்ன விளக்கு. காற்றில் சுடர் சாயும்போதெல்லாம் யாரோ உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். முன்பு அலுவலகத்துக்கு வந்துபோன மேடத்தின் மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"உள்ள வாங்கோ சார். அப்பா நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. சுகர் வேற. அடுப்பும் மூட்டலை." என் கையைப் பார்த்தாள். "பார்சலா? யாருக்கு?"

எனக்காக வாங்கிய நாலு இட்லி. அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன்.

"அப்பாவுக்குத்தாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மகள் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். "வேண்டாம்" என்று அவள் அப்பாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்சல் நூலில் ஓட்டல்காரன் இறுக்கிப் போட்ட முடிச்சு. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தேன். அவர் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

தலைமைப் பொறுப்பு விஷயத்தில் என் எண்ணம் இன்றும் மாறவில்லை. ஆனால் அந்த நூலை விரலில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இதை எழுதும்போதும் மேசையில் இருக்கிறது, முழு நூலாக.