உழுத வயலில் அக்கா இறங்கியது

எங்கள் அக்காவுக்குப் பாதி வழியில் திரும்பி வரும் வியாதி. தெருமுனை வரை போய், "கேஸை அணைச்சேனா?" என்று ஓடி வருவாள். செல்போனைத் தேடி வருவாள். செல்போன் கையிலேயே இருக்கும். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற இவள், சேமிப்பையெல்லாம் கொட்டி விமானம் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்தாள்.

"பிளேனையும் பாதியில திருப்பிட்டு வந்துடாதேம்மா" என்றார் அப்பா.

அவருக்குக் கிண்டல். அங்கே அதுதான் பாடமே. பயிற்சி கொடுக்கிற மேடம் முதல் வாரமே சொல்லிவிட்டாராம்: "கிளம்பி மேலே ஏறும்போது இன்ஜின் நின்னா, பின்னாடி ரன்வே இருக்கேன்னு திரும்பாதே. அந்த உயரத்துல திரும்பினா வேகம் போயி குப்புற விழும். மூக்கைத் தாழ்த்து, எதிர்ல கிடைக்கிற இடத்துல இறங்கு." ஒத்திகையில் அக்காவின் கை தன்னாலே திரும்பிற்று. அந்தப் பழக்கம் போகிறவரை தனியாகப் பறக்கக் கூடாது என்றார் மேடம்.

அதனால் வீட்டில் நான் இன்ஜின் ஆனேன். "டுர்ர்ர்" என்று அவள் பின்னாலேயே போவேன், திடீரென்று நிறுத்துவேன். அவள் கையை முன்னால் தள்ளி "நேரா!" என்று கத்த வேண்டும். ஒருநாள் அவள் வாயில் தண்ணீர் இருக்கும்போது நிறுத்தினேன். அப்பா சட்டை நனைந்தது.

நாலு மாதம் கழித்துத் தனியாகப் பறக்க விட்டார்கள். மூன்றாவது தடவை, கிளம்பி முந்நூறு அடி உயரம் ஏறியதும் இன்ஜின் இருமி நின்றது. எரிபொருள் குழாயில் விரிசலாம்.

"கை இடது பக்கம் போச்சுடா. போறதை நானே பாத்தேன்" என்றாள் பிறகு. பார்த்ததும் கையை நேராக்கி மூக்கைத் தாழ்த்தியிருக்கிறாள். எதிரே உழுத வயல். முன்சக்கரம் ஒடிந்தது. முட்டியில் நாலு தையல்.

ஆஸ்பத்திரியில் அப்பா, "போதும்மா. விட்டுடேன்" என்றார். அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"சரிப்பா" என்றாள். ஏதாவது ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்த நான், அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வயல்காரரிடம் மன்னிப்புக் கேட்க அப்பா போனார். நானும் ஒட்டிக்கொண்டேன். விமானத்தை எடுத்துப் போயிருந்தார்கள். சக்கரத் தடம் மட்டும் அப்படியே கிடந்தது.

"மன்னிப்பு எதுக்கு சார்? நான் குறுக்கே உழுதேன், உங்க பொண்ணு நெடுக்கே உழுதுட்டா. என்னைவிட நேராவே உழுதிருக்கா" என்றார் வயல்காரர்.

அப்பா சிரித்துவிட்டார். அப்புறம் எங்கேயும் வளையாத அந்தத் தடத்தோடேயே கடைசிவரை நடந்து போய் நின்றார். செருப்பெல்லாம் மண். கூப்பிட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்காவிடம், "தையல் பிரிச்சதும் எப்போ வரலாம்னு அந்த மேடம்கிட்ட கேளும்மா" என்றார்.

அக்கா அவரையே பார்த்தாள். உடனே போன் போட்டாள். மேடம் எடுக்கவில்லை. மேலே பறந்துகொண்டிருந்திருப்பார். அக்கா மறுபடியும் போட்டாள்.