பேப்பரில் வந்த சித்தப்பா

எங்கள் சித்தப்பா பட்டாளத்தில் சமையல்காரர். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். ஊருக்கு மட்டும் சொல்வதில்லை. "மிலிட்டரில இருக்கான்" என்பதோடு அப்பா நிறுத்திக்கொள்வார். மிச்சத்தைக் கேட்பவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

நான் ஆறாவது படித்த வருஷம் வடக்கே எல்லையில் சண்டை மூண்டது. அதற்குச் சற்று முன்புதான் குஜிலியம்பாறைப் பக்கம் சித்தப்பாவுக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். இரண்டு ஓலை முடிந்திருந்த வாரம், சண்டைக்குப் போனவர்களின் குடும்பங்களைப் பற்றி எழுத வேண்டுமென்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு நிருபர் மொபெட்டில் வந்து இறங்கினார்.

அப்பா அவருக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். கேட்டதற்கெல்லாம் "ஆமா சார்" என்றார். சுவரில் மாட்டியிருந்த போட்டோவை நிருபர் தம் கேமராவில் படம் பிடித்துக்கொண்டார். அதில் சித்தப்பா சீருடையில் விறைப்பாக நிற்பார். கையில் துடுப்பு மாதிரி ஒரு கரண்டி.

மறுநாள் பேப்பரில் சித்தப்பா மார்புக்கு மேலே மட்டும் வந்திருந்தார். கரண்டியைக் காணோம். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் படிப்பவன் நான் ஒருவன்தான். முற்றத்தில் நின்று உரக்க வாசித்தேன். பனிமலை உச்சியில், உயிரைத் துச்சமாக மதித்து, குண்டு மழைக்கு நடுவே சித்தப்பா எதிரிகளைத் துவம்சம் செய்துகொண்டிருந்தார்.

"அடியாத்தி!" என்றாள் அம்மா.

"இன்னொருக்கா வாசிலே" என்றார் அப்பா. உண்மை தெரிந்த அவரே நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பெண்ணின் அப்பாவும் டீக்கடையில் அதே பேப்பரைப் படித்திருந்தார். அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார்.

"கோவிச்சுக்கிறாதீக சம்பந்தி. உசுரத் துச்சமா நெனைக்கிறவருக்கு எம்பொண்ண எப்படிக் குடுக்க? மூணாவது ஓலைய வாசிக்க வேணாம்னு சாமியார்ட்டச் சொல்லிட்டேன்."

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. முதன்முறையாக வெளியாள் ஒருவரிடம் உண்மையைச் சொன்னார். "அய்யோ, அவன் சண்டைக்கெல்லாம் போகல சம்பந்தி! சமையக்காரன்!" போட்டோவைக் கழற்றிக் கையில் கொடுத்தார்.

பெண்ணின் அப்பா கரண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கிறிஸ்மஸுக்குப் பாயசம் கிண்டுன போட்டோவக் காட்டுறீகளாக்கும். பேப்பர்க்காரன் பொய்யா எழுதுவான்?"

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு ஓடினார். நிருபர் பொறுமையாகக் கேட்டார். "அண்ணே, சண்டை நேரத்துல போயி சப்பாத்தி சுட்டாருன்னு போட்டா யாரு படிப்பா? சனங்களுக்கு மனசு விட்டுப்போயிரும்ல?"

"சனங்க இருக்கட்டும் சார். இங்க கல்யாணம் நின்னுபோச்சு!"

நிருபர் உருக்கமாகத் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது: "நாட்டுக்காகத் திருமணத்தைத் துறந்த வீரர்!"

அதற்குமேல் அம்மா அப்பாவை நம்பவில்லை. எங்களை இழுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனாள். பெண்ணின் அம்மாவைப் பார்த்ததும் வாசலிலேயே தொடங்கிவிட்டாள்.

"மதினி, எங்கொழுந்தன் எப்பேர்ப்பட்ட வீரன்னு கேட்டுக்கங்க. வான்கோழி வெரட்டுனதுக்குப் பயந்து பப்பாளி மரத்துல ஏறுனவன். மரத்தோட சேந்து விழுந்தவன். ஊசி போட வந்த நர்சம்மாவப் பாத்தே மயங்குனவன்."

அப்பா முதலில் தம்பிக்காகத் தலைகுனிந்தார். பிறகு அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "இடி இடிச்சா இன்னைக்கும் என்னயக் கட்டிப் பிடிச்சுக்குவான் சம்பந்தி!"

சித்தப்பாவின் மானத்தை இருவரும் கூறுகட்டி விற்றுக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து அடக்க முடியாத சிரிப்பு வந்தது. பின்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு கல்யாணப் பெண் வந்தார்.

"எப்பா, இம்புட்டுப் பயப்படுறவுகன்னா உசுரோட வந்துருவாக. சோறும் பொங்கிப் போடுவாக. மூணாவது ஓலைய வாசிக்கச் சொல்லுங்க."

சண்டை ஓய்ந்து சித்தப்பா லீவில் வந்ததும் கல்யாணம் நடந்தது. வந்தவர்களெல்லாம் பேப்பரைச் சொல்லிச் சொல்லி அவர் கையைக் குலுக்கினார்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்டார்கள். அவர் சிரித்து மழுப்பினார். பந்தி முடிந்த பிறகும் அண்டாவில் கால்வாசிப் பிரியாணி கிடந்தது. மிஞ்சினால்தான் கல்யாணம் நிறைவு என்று அப்பா பூரித்துப்போனார்.

மாப்பிள்ளைக் கோட்டும் மாலையுமாகச் சித்தப்பா அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு சாப்பிட வரல?"

"எல்லாரும் வந்தாச்சுப்பா" என்றார் அப்பா.

சித்தப்பா தெருவில் இறங்கிவிட்டார். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். சாப்பிட்டவர்கள் வயிற்றைத் தட்டிக் காட்டினார்கள். "மாப்ள, பொண்ணக் கூப்பிடுற நேரத்துல ஊரக் கூப்பிடுறியே!" என்று கேலி செய்தார்கள். இப்படிக்கூட ஒரு கஞ்சன் உண்டா என்று எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தேன்.

"மிஞ்சுனா மிஞ்சட்டுமே சித்தப்பா!"

அவர் நின்றார். "மலைக்கு மேல போறவங்க எல்லாருக்கும் சேத்துத்தான் ரொட்டி சுட்டு வைப்போம், அப்பு. எறங்கி வந்தவங்க எல்லாரும் சாப்பிட்ட பெறகும் மிஞ்சிக் கெடக்கும்."

பட்டாளத்தில் அவ்வளவு தாராளமா என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

"அப்ப நீங்க ரெண்டு சேத்துத் தின்னுக்கலாம்ல?" என்று கேட்டேன்.