ராத்தாவும் தோற்ற நாவல்களும்

எங்கள் ராத்தா மன்னாரில் பிறந்தார், கற்பிட்டியில் வஃபாத்தானார். இரண்டுக்கும் நடுவில், வடக்கிலிருந்து எங்களை விரட்டிய தொண்ணூறாம் ஆண்டு கிடக்கிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் அவருடைய தம்பி. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மீன் லொறிகளில் ஊர் ஊராகத் திரிந்தவன். எழுதச் சொன்னபோது ஒரு காரணத்துக்காகவே சம்மதித்தேன். நான் செய்த ஒரு கேவலமான வேலையை எல்லோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராத்தா முகாமில் இருந்தார். பிறகு வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். யுத்தம் முடிந்தபின் வீட்டுத்திட்டத்தின் முதற்பட்டியலில் அவர் பெயர் வந்தது. இறுதிப் பட்டியலில் இல்லை. யாரும் காரணம் சொல்லவில்லை. அந்தக் கிழமைதான் ஞாயிறு பத்திரிகையில், பரிசுக்குத் தெரிவான ஐந்து நாவல்களில் ஒன்று வென்ற செய்தியைப் பார்த்தார்.

"மத்த நாலும் என்னடா குத்தம் செஞ்சிச்சு? அதுகளக் கொண்டா."

ஒவ்வொரு வருடமும் தோற்ற நாவல்களைக் கொழும்பில் தேடி எடுத்து வந்தேன். வென்றதை அவர் தொடமாட்டார். வாசித்து முடித்ததும் கதையின் முதற்பக்கத்தில் தீர்ப்பு எழுதுவார்: "தோற்றது சரி" அல்லது "அநியாயம்". பெரும்பாலும் முதலாவதுதான். ராத்தா பொறுமைசாலி என்று இந்த மலரில் வேறு சிலர் எழுதியிருக்கிறார்கள். வாசிக்கும்போது அப்படி இல்லை. முகாமைப் பற்றிய ஒரு நாவலைச் சுவரில் எறிந்தார்.

"முகாமில நிலா பார்த்துக்கொண்டு இருக்கிறாளாம். கக்கூசு வரிசையில நிண்டவள் நிலா பார்ப்பாளா? தூ!"

"அப்ப விடுங்களேன் ராத்தா."

"தோத்தது எண்டு வாசிக்காம விடுறதா? கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சிட்டுத்தான் ஏசுவன்."

எறிந்ததை அவரே எழும்பிப் போய் எடுத்து வந்தார்.

ஒரு வருடம் தோற்ற நாவல் ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வென்றது மட்டும் கட்டுக்கட்டாகக் கிடந்தது. தேடிக் களைத்த சலிப்பில் அதை வாங்கி, அட்டையையும் முன்தாள்களையும் கிழித்துவிட்டு, "பழைய புத்தகக் கடையில இதுதான் கிடைச்சது, கேட்ட புத்தகம்தான்" என்று கொடுத்தேன்.

ராத்தா மூன்று நாள் அதைக் கீழே வைக்கவில்லை. சோறு அடிப்பிடித்தது. "அநியாயம்" என்று எழுதி இரண்டு கோடு இழுத்தார். வந்தவர் போனவர் எல்லோரிடமும் நடுவர்களை ஏசினார். அயல்வீட்டுப் பெண்களும் சேர்ந்து ஏசினார்கள். நான் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த லொறியில் ஏறினேன். கருவாட்டு நாற்றம் உடுப்பைத் தோய்த்தால் போய்விடும். இது போகவில்லை.

கடைசியில் படுக்கையில் விழுந்தபோது அந்த நாவலையே வாசித்துக் காட்டச் சொன்னார். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பத்துப் பக்கத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. பையில் வருடக்கணக்காகக் கிடந்த அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். பரிசு முத்திரை அதில் இருந்தது.

ராத்தா முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"சீ, கள்ளன். என்னையும் பொய்காரி ஆக்கிப் போட்டியேடா. எத்தின பேருக்கிட்ட அந்த மனிசர ஏசினன்!"

இரண்டு நாள் என் கையால் கஞ்சி வாங்கவில்லை. மூன்றாம் நாள் பேனை கேட்டார். "அநியாயம்" என்பதை வெட்டி, கீழே எழுதினார்: "வென்றது சரி."

"உன்ன மன்னிச்சிட்டன் எண்டு நினைக்காத," என்றார். "இது புத்தகத்துக்கு."

பிறகு கஞ்சிக்கு வாய் திறந்தார்.

அந்த நாட்களில் தண்ணீர் அள்ளித் தந்த அயல்வீட்டுச் சகோதரிகளுக்கும், ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும், கண்டக்குழியிலிருந்து வந்து கூட நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அல்லாஹ் ராத்தாவைப் பொருந்திக்கொள்வானாக. அவர் சொல்லக் கேட்டு அந்த நடுவர்களை ஏசியவர்கள், தயவுசெய்து அந்த ஏச்சை என் பக்கம் திருப்பிவிடுங்கள்.

புத்தகங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. கிழித்த அட்டையை ஒட்டிவிட்டேன், கோணலாக. அந்தப் புத்தகத்தை வாசிக்கக் கொண்டுபோகிறவர்கள் தோற்றது ஒன்றையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். கடைசிப் பக்கம் வரை வாசித்த பின் ஏசலாம்.